நாற்பது பேர் நின்ற படம்

லெஸ்டர்
4 செப்டம்பர் 2024

சபீனா,

அஸ்ஸலாமு அலைக்கும். கோபத்தில் இருந்தாலும் ஸலாத்துக்குப் பதில் சொல்வது கடமை. மிச்சத்தை வாசிக்காமல் கிழிப்பதென்றாலும் அதை மட்டும் சொல்லிவிட்டுக் கிழி.

இன்றோடு பதினொரு நாள். நான் எடுக்கிற கோல் எதுவும் உன் போனில் விழுவதில்லை. வட்ஸ்அப்பில் உன் ரோசாப்பூப் படம் இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம் இருக்கிறது. மாமிக்கு எடுத்தால், "அவ கந்தோருக்குப் போயிட்டா மகன்" என்கிறார். ஞாயிற்றுக்கிழமையும் எந்தக் கந்தோர்? சரி. வீட்டு விலாசத்துக்கு எழுதினால் எல்லோரும் வாசித்து முடித்த பிறகு மிச்சம்தான் உனக்குக் கிடைக்கும். அதனால் கொக்கட்டிச்சோலையில் உன் கந்தோர் விலாசத்துக்கே அனுப்புகிறேன். நான் பேனா பிடித்து முழுப்பக்கம் எழுதியது கடைசியாக ஏ லெவல் சோதனையில். எழுத்து கோழி கிளறியதுபோல் இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் விசாவை மறுத்து வந்த கடிதம் பற்றி உன் வாப்பாவோடும் மஜீட் மாமாவோடும் மூன்று தரம் கதைத்தேன். இங்கே இங்கிலாந்தில் விசா வழக்கு மட்டுமே பார்க்கிற லோயர்மார் இருக்கிறார்கள். அப்படி ஒருவரைப் பிடிப்பதா, அல்லது முதல் தரம்போல மஜீட் மாமாவே தன் கடைக் கொம்பியூட்டரில் இருந்து புதிதாக ஒரு விண்ணப்பம் அனுப்புவதா என்று யோசித்தோம். லோயர் வேண்டாம் என்று முடிவெடுத்திருக்கிறோம். என்னோடு பஸ் ஓட்டுகிற ஹமீடின் கதை உனக்குத் தெரியும். அவன் பிடித்த லோயர் திகதியையே மறந்துவிட்டான். ஹமீடின் மகள் பேசப் பழகி, நடக்கப் பழகி, பள்ளிக்கூடம் போகிற வயதில்தான் வாப்பாவைக் கண்டாள். அந்தச் சங்கடம் நமக்கு வேண்டாம். குறைகளையெல்லாம் திருத்தி அனுப்புவதாக மஜீட் மாமா சொல்லியிருக்கிறார்.

நீ ஒன்றும் யோசிக்காதே. எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். தெரியப்படுத்தத்தான் எழுதினேன்.

பாஹிம்


கொக்கட்டிச்சோலை
17.09.2024

திரு. எம். பாஹிம் அவர்களுக்கு,

வஅலைக்குமுஸ் ஸலாம். கடமை முடிந்தது.

தங்கள் 04.09.2024 திகதிய கடிதம் கிடைக்கப்பெற்றது. இதற்கு மேலும் கந்தோர்த் தமிழில் எழுதினால் எனக்கே சிரிப்பு வந்துவிடும். உங்கள் கடிதம் ஒரு மணித்தியாலம் தபால் கட்டுக்குள் கிடந்தது. பக்கத்து மேசை சீதேவிப்பிள்ளை அக்காதான் எடுத்துத் தந்தார். "என்ன புள்ள, இந்தக் காலத்தில ஆரு கடதாசி எழுதுற? புருசனோட கோவமோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப கோவந்தான்" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார்.

எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நாங்கள் யார்? நீங்கள், வாப்பா, மாமா. விசா யாருக்கு? எனக்கு. நல்ல கூத்து இது.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று உங்களுக்குத் தெரியுமா? காலையில் எட்டேகாலில் இருந்து நாலேகால் வரைக்கும் ஊரார் படிவங்களைச் சரிபார்க்கிறேன். பெயரை இங்கே எழுதுங்கள், திகதியை இங்கே போடுங்கள், கையெழுத்தை இங்கே வையுங்கள் என்று நாளைக்கு நூறு தரம் சொல்கிறேன். என் சொந்தப் படிவத்தை மட்டும் நான் கண்ணால் காணவில்லை. மாமா கடையில் இருந்தே அனுப்பிவிட்டார். கொழும்புக்குக் கூட்டிப்போய் என் பத்து விரலையும் கண்ணாடியில் அழுத்திப் பதிந்தார்கள். ஒரு கையெழுத்து வை என்று ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை.

மறுப்புக் கடிதத்தைத் தாருங்கள் என்று மாமாவிடம் கேட்டேன். "அது இங்கிலீசில இரிக்கி மகள், ஒனக்கு விளங்கா" என்றார். அல்லாஹ்வே! இந்த விசாவுக்காக நான் இங்கிலீஷ் சோதனை எழுதிப் பாஸ் பண்ணினதே அவர் கட்டிய காசில்தான். வாங்கி வந்து முழுக்க வாசித்தேன்.

அதை எழுதிய விசா ஒபிசர் நல்ல நிதானமான ஆள். நீங்கள் அனுப்பிய படங்களை எண்ணிப் பார்த்திருக்கிறார். மொத்தம் பதினெட்டு. எல்லாம் பள்ளிவாசலுக்குள் எடுத்த நிகாஹ் படங்கள். நீங்களும் வாப்பாவும் கை கோர்த்தபடி இருக்கிறீர்கள், சுற்றிவர நாற்பது ஆண்கள். "இவற்றுள் எதிலும் விண்ணப்பதாரர் காணப்படவில்லை" என்று எழுதியிருக்கிறார். எப்படிக் காணப்படுவேன்? நிகாஹ் நடக்கும்போது பெண் வீட்டில்தான் இருப்பாள் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? பிறகு காவின் என்ற கல்யாணப் பதிவுப் பத்திரத்தைப் பார்த்திருக்கிறார். மாப்பிள்ளை கையெழுத்து இருக்கிறது, எனக்காக வலீயாக நின்ற வாப்பாவின் கையெழுத்து இருக்கிறது, சாட்சிகளின் கையெழுத்து இருக்கிறது. மணப்பெண்ணின் கையெழுத்து இல்லை. இப்படி ஒரு பெண் இருக்கிறாளா என்றே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வாசிக்க வாசிக்க எனக்கும் வந்தது.

இரண்டு விசயம் கேட்கிறேன். நேராகப் பதில் எழுதுங்கள். என் படம் ஒன்றையேனும் ஏன் வைக்கவில்லை? லோயர் வேண்டாம் என்று சொல்வதற்கு முன்னால் என்னிடம் ஏன் கேட்கவில்லை?

எனக்கு லோயர் வேண்டும்.

சபீனா


லெஸ்டர்
29 செப்டம்பர் 2024

சபீனா,

ஸலாம். திரு. எம். பாஹிம் என்று பார்த்ததும் பாங்கில் இருந்து வந்த கடிதமோ என்று ஒரு நிமிடம் பயந்துபோனேன்.

நீ கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் என் பக்கத்தையும் கொஞ்சம் பார். மஜீட் மாமா உன் உம்மாவின் கூடப்பிறந்தவர். உன்னுடைய ஏ லெவல் விண்ணப்பம், கந்தோர் வேலைக்கான விண்ணப்பம் எல்லாம் அவர் கையால் நிரப்பியதுதான் என்று நீயே என்னிடம் சொன்னாய். இருபது வருடமாகச் சவூதிக்கும் கட்டாருக்கும் ஆட்களை அனுப்பியவர். இப்போது நீங்கள் பிழை விட்டுவிட்டீர்கள், இனி ஒரு லோயர் செய்யட்டும் என்று அவர் முகத்தைப் பார்த்து யார் சொல்வது? நீ சொல்வாயா? காத்தான்குடி முழுக்கத் தெரிந்துவிடும். அந்த மனுசன் கடை வாசலில் தலைநிமிர்ந்து இருக்க வேண்டாமா?

இன்னுமொன்று. இதை எழுத எனக்கு வெட்கம்தான். அல்லாஹ் அறிய, ஊர் அறியக் காவின் எழுதினோம். நீ என் பெஞ்சாதி என்பதை இந்த நாட்டு ஆட்கள் நம்புவதற்கு இன்னொரு ஆளுக்குக் கூலி கொடுத்துப் பேசவைக்க வேண்டுமா? அதை நினைத்தாலே எனக்கு ஆத்திரம் வருகிறது. லோயர் என்றால் எல்லாம் கேட்பார்கள் சபீனா. நாம் என்ன கதைக்கிறோம், எதற்குச் சண்டை பிடிக்கிறோம், எல்லாம். நம்முடைய வீட்டுக்குள் நடந்ததை ஒரு வெள்ளைக்காரியின் மேசையில் கொண்டுபோய்க் கொட்டச் சொல்கிறாயா?

படம் வைக்காததற்கு ஒரு காரணம் இருக்கிறது. பிறகு சொல்கிறேன்.

நீயும் ஒன்றுக்கு நேராகப் பதில் எழுது. கல்யாணம் முடித்தபின் நான் உன் வீட்டுக்கு வந்து இருப்பதுதான் நம் ஊர் வழக்கம். வாப்பா உனக்கென்று கட்டித் தந்த வீடு, உன் பெயரில் உறுதிப்பத்திரம், கைநிறையச் சம்பளத்தோடு கந்தோர் உத்தியோகம். அதையெல்லாம் விட்டுவிட்டு இங்கே வாடகை வீட்டுக்கு வரத்தான் உனக்கு விருப்பமா? விருப்பமில்லை என்றால் லோயரும் வேண்டாம், மாமாவும் வேண்டாம். நான் வேறு மாதிரி யோசிக்கிறேன்.

பாஹிம்


கொக்கட்டிச்சோலை
11.10.2024

ஸலாத்தோடு எழுதுவது,

பிறகு சொல்கிறேன் என்று நீங்கள் எழுதியதற்குப் பிறகு எனக்கு ஒழுங்கான நித்திரை இல்லை. வளைத்துச் சுற்றிக் கேட்க எனக்குத் தெரியாது. அங்கே உங்களுக்கு வேறு ஒருவர் இருக்கிறாரா? இருந்தால் எழுதிவிடுங்கள். நான் ஒன்றும் செத்துப்போக மாட்டேன். பக்கத்து வீட்டுச் சாச்சி போன கிழமை உம்மாவிடம், "பொஞ்சாதிட படத்த மறச்சு வெக்கிற மாப்பிள ஆருக்காக மறைக்கான்?" என்று கேட்டிருக்கிறா. உம்மா அழுகிறா. நானும் அழுதேன், ஆனால் கந்தோரில் அழவில்லை.

இப்போது கேளுங்கள் உங்கள் மஜீட் மாமா குறை திருத்திய சீரை.

சனிக்கிழமை பின்னேரம் பெரிய உறை ஒன்றோடு வந்தார். முகம் முழுக்கச் சந்தோசம். பிரதான வீதி ஸ்டூடியோவில் கொடுத்து ஒரு படம் செய்வித்திருக்கிறார். அதே நிகாஹ் படம், அதே நாற்பது ஆண்கள். உங்களுக்கும் மௌலவிக்கும் நடுவில், பள்ளியின் பச்சைக் கம்பளத்தில், முழுப் பெண் அலங்காரத்தோடு நான் நிற்கிறேன்! வலீமா விருந்தில் பெண்கள் பக்கத்தில் எடுத்த என் படத்தை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். என் இடது கையை ஹாஜியார் ஒருவரின் தாடி மறைக்கிறது. கால் இரண்டும் நிலத்தில் படவில்லை. தங்கச்சி ஸில்மியா பார்த்துவிட்டு, "ராத்தா பறக்கா" என்று சொல்லி விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு இதைப் பார்க்கப்போகிற ஒபிசரை நினைத்தேன், சிரிப்பு நின்றுவிட்டது.

அதோடு ஒரு பக்கம் இங்கிலீஷில் அடித்துக் கொண்டுவந்தார். நான் சொல்வதுபோல எழுதியிருக்கிறது. கல்யாணத்துக்குப் பிறகு நான் ஏறாவூரில் உங்கள் உம்மாவின் வீட்டில்தான் வாழ்கிறேனாம். மாமியாருக்குச் சமைத்துக் கொடுக்கிறேனாம். ஒபிசருக்கு அதுதான் பிடிக்கும் என்கிறார். முதல் விண்ணப்பத்தில் நீங்கள் ஊரில் தங்கிய விலாசம் என்று உங்கள் அடையாள அட்டையில் இருக்கிற ஏறாவூர் விலாசத்தை மாமா போட்டுவிட்டார். என் விலாசம் காத்தான்குடி. புருசன் ஓர் ஊரில், பெஞ்சாதி ஓர் ஊரில், ஆகவே ஒன்றாக இருக்கவே இல்லை என்று ஒபிசர் எழுதியிருக்கிறார். அதற்குத்தான் இந்த மருந்து.

"இஞ்ச வெய் மகள் கையெழுத்த" என்றார். பத்து மாதமாக ஒருவரும் கேட்காத கையெழுத்து. கேட்ட முதல் தரமே பொய்க்கு.

"ஏலா மாமா" என்றேன்.

மாமா உறையை மேசையில் வைத்துவிட்டு, போட்ட தேத்தண்ணியைக் குடிக்காமல் போய்விட்டார். அன்றிலிருந்து இந்தப் பக்கம் வரவில்லை. உம்மா என்னோடு கதைப்பதில்லை. வாப்பா இரண்டு பக்கத்துக்கும் நடுவில் தவிக்கிறார்.

வருவதற்கு விருப்பமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்கப்பட்டதற்கு நன்றி. இந்தக் கதையில் என்னிடம் அதைக் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான். ஆனால் என் கேள்விக்குப் பதில் வராமல் உங்கள் கேள்விக்குப் பதில் தரமாட்டேன்.

சபீனா


லெஸ்டர்
20 அக்டோபர் 2024

சபீனா புள்ள,

ஸலாம். உன் கடிதத்தை டிப்போவில் நின்று வாசித்தேன். பறக்கிற இடத்தில் சிரித்த சிரிப்பில் ஹமீட் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பான். பிறகு உனக்கு நின்றதுபோல எனக்கும் சிரிப்பு நின்றது. இதைக் கூரியரில் அனுப்புகிறேன். அந்தப் படமும் அந்தப் பக்கமும் மாமாவின் கொம்பியூட்டரில் இருந்து எங்கேயும் போகக்கூடாது. பொய்ப் படம் வைத்துப் பிடிபட்டால் பத்து வருடத்துக்கு நீ இங்கே வரமுடியாது. எப்படித் தெரியும் என்று கேட்பாய். லோயர் சொன்னார்.

ஓம், லோயரிடம் போனேன். உனக்கு முதல் கடிதம் எழுதுவதற்கு ஒரு கிழமைக்கு முன்பே போனேன். உன்னிடம் மறைத்துவிட்டேன்.

பெயர் கரோல். ஐம்பது வயது இருக்கும். முதல் அரைமணி நேரத்துக்குக் காசு இல்லை என்றார்கள், அதனால் போனேன். பாஸ்போட், காவின் பத்திரம், மறுப்புக் கடிதம் எல்லாம் அடுக்கிக்கொண்டு போனேன். அந்த மனுசி அவற்றை ஒரு பக்கமாகத் தள்ளி வைத்துவிட்டு உன்னைப் பற்றிக் கேட்கத் தொடங்கினார். உங்கள் மனைவி என்ன வேலை செய்கிறார்? கந்தோரில் என்றேன். கந்தோரில் என்ன வேலை? தெரியவில்லை. காலையில் எதில் போகிறார்? பஸ்ஸாக இருக்கும் என்றேன். கடைசியாக எதற்குச் சண்டை பிடித்தீர்கள்? அவர் தள்ளி வைத்த பத்திரங்களை மறுபடி அடுக்கினேன். பிறகு, "விசா மறுக்கப்பட்டதற்கு உங்கள் மனைவி என்ன சொல்கிறார்?" என்று கேட்டார். அவருடைய வாப்பா இப்படிச் சொல்கிறார், அவருடைய மாமா இப்படிச் சொல்கிறார் என்றேன். "நான் உங்கள் மனைவியைப் பற்றிக் கேட்டேன்" என்றார். குரலை உயர்த்தவில்லை. எனக்கு அங்கேயே பூமி பிளந்து விழுங்கினால் நல்லது என்று இருந்தது.

ஹமீடின் கதை, மாமாவின் மரியாதை, கூலிக்குப் பேசவைப்பது எல்லாம் நான் பிறகு தேடிப்பிடித்த காரணங்கள். உண்மையான காரணம் அந்த அரைமணி நேரம்தான். இன்னொரு தரம் அந்தக் கதிரையில் இருக்க எனக்குப் பயம். இருபத்துநாலு நாள் உன் வீட்டில் உன் கையால் சாப்பிட்டேன். உன் வேலை என்ன என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

இனிப் படம். வேறு ஒருவரும் இல்லை. குர்ஆனில் கை வைத்துச் சொல்வேன். கல்லடிப் பாலத்தில் என் தங்கச்சி ஸுஹைனா நம் இரண்டு பேரையும் எடுத்த படம் உனக்கு நினைவிருக்கும். நீ இறால் வடை தின்றுகொண்டு நின்றாய். காற்றுக்கு உன் முக்காடு என் முகத்தில் அடித்தது. வாய் நிறைய வடையோடு நீ சிரிக்கிறாய், நான் கண் தெரியாமல் நிற்கிறேன். நாம் இருவரும் சேர்ந்து நிற்கிற ஒரே படம் அதுதான். மஜீட் மாமா கேட்டபோது படம் ஒன்றும் இல்லை என்று பொய் சொன்னேன். தெரியாத ஓர் ஒபிசர் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு அந்தச் சிரிப்பைப் பார்ப்பதை நினைக்க எனக்குப் பொறுக்கவில்லை. ஒவ்வொரு நாளும் பஸ் எடுக்க முன்னம் நான் பார்க்கிற படம் அது. அதைக் கொடுக்காமல்தான் உன்னையே இல்லாத ஆளாக்கிவிட்டேன் என்று இப்போது விளங்குகிறது. என்னை மன்னித்துவிடு.

வியாழக்கிழமை கரோலிடம் மறுபடி போனேன். எல்லாம் சொன்னேன். மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போவது எங்கள் ஊர் வழக்கம் என்றேன். ஆச்சரியப்பட்டு எழுதிக்கொண்டார். வழக்கைப் பொறுப்பெடுக்க மூன்று விசயம் வேண்டுமாம். நீ உன் சொந்தச் சொல்லில் எழுதின ஒரு வாக்குமூலம். நாம் ஒரே வீட்டில் இருந்ததைக் கண்ணால் கண்ட ஒரு சாட்சி. கரோல் உனக்காகப் பேசலாம் என்று நீ வைக்கிற கையெழுத்து. என் கையெழுத்துப் போதாதா என்று கேட்டேன். விண்ணப்பம் உங்கள் மனைவியுடையது, அவர்தான் முடிவெடுக்க வேண்டும் என்றார்.

ஆகவே முடிவு உன்னுடையது. வேண்டாம் என்றாலும் நான் உன்னோடுதான்.

பாஹிம்


காத்தான்குடி
04.11.2024

மச்சான்,

ஸலாம். உங்கள் கடிதத்தைக் கந்தோரில் மூன்று தரம், பாலத்து ஓரமாக ஸ்கூட்டியை நிறுத்தி ஒரு தரம் வாசித்தேன். ஓம், நான் போவது ஸ்கூட்டியில். மண்முனைப் பாலத்தால் ஆற்றைக் கடந்து போகிறேன். கரோலிடம் சொல்லுங்கள். மழை தொடங்கிவிட்டது, அக்கரையில் வயல் வட்டை முழுக்க விதைத்து முடித்திருக்கிறார்கள். நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தேன். உம்மா துவாயைத் தந்தா. மூன்று கிழமைக்குப் பிறகு, "தலையத் துவட்டு" என்று ஒரு வார்த்தை பேசினா.

மாமாவிடம் ஆர் சொல்வது, நீ சொல்வாயா என்று கேட்டிருந்தீர்கள். நான்தான் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிய அவருடைய கடைக்குப் போனேன். அந்தப் படத்தையும் கொண்டுபோனேன். என்னைக் கண்டும் கொம்பியூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, இந்தப் படத்துல நான் எங்க நிக்கன்?" என்று கேட்டேன்.

"மாப்பிளைக்குப் பக்கத்துலதான்."

"மாப்பிள எங்க நிக்கார்?"

"பள்ளிக்குள்ள."

"அப்ப நான்?"

கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். "யா அல்லாஹ்! மௌலவிர தோளுல கை போட்டாப்போல நிக்காய் மகள்!" என்றார். உதடு துடித்தது, சிரித்துவிட்டார். லோயர் பிடிக்கப்போகிறோம் என்று அப்போது சொன்னேன், சட்டென்று முகம் விழுந்துவிட்டது.

"லோயர் வெக்கிறெண்டா வையுங்க. இருபது வரிசத்துல நான் அனுப்பின ஒரு போமும் திரும்பி வரல்ல. கடைசியா ஒன்ட போம்தான் வந்திரிக்கி."

"சவூதிக்காரன் பொஞ்சாதி எங்கெண்டு கேக்கிறல்லயே மாமா. இவங்க கேக்காங்க. நீங்க என்ன செய்வீங்க?" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏ லெவல் விண்ணப்பம் அனுப்பக் கடைசி நாள் வெள்ளத்தில் நெஞ்சளவு தண்ணீரில் தபால் கந்தோருக்குப் போன மனுசன் அவர். என் பேரில் பொய் எழுதியதும் என் மேல் இருந்த பாசத்தில்தான். அதுவும் எனக்குத் தெரியும்.

பிறகு கேட்டேன். "மாப்பிள வந்து நிண்ட இருபத்துநாலு நாளும் விடியச் சுபஹோட மீன் கொண்டு வந்து தந்தது ஆரு?"

"நான்தான். புது மாப்பிளைக்கு மாமன் செய்யாம ஆரு செய்யுற?"

"எந்த வீட்டுக்குக் கொண்டு வந்த நீங்க?"

"இதென்ன கேள்வி? ஒன்ட வீட்டுக்குத்தான். மாப்பிள ஏறாவூர்ல கெடந்தா நான் என்னத்துக்கு மீனத் தூக்கிட்டு இஞ்ச வாற?"

"இதத்தான் மாமா லோயர் கேக்கா. கண்ணால கண்ட சாட்சி வேணுமாம். போம் நிரப்ப ஆயிரம் பேர் இரிக்காங்க. இதச் சொல்ல நீங்க ஒராள்தான் இரிக்கீங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கனநேரம் துடைத்தார். பிறகு கதிரையை இழுத்துப்போட்டு இரண்டு விரலால் தமிழில் அடிக்கத் தொடங்கினார். மச்சான், எந்த நாள் என்ன மீன் என்றுகூட அந்த மனுசனுக்கு நினைவிருக்கிறது. முதல் நாள் இறால், இரண்டாம் நாள் நண்டு, பிறகு ஓரா, செப்பலி. ஒன்பதாம் நாள் உங்களுக்கு வயிற்றோட்டம் என்று ஒன்றும் கொண்டுவராமல் இளநீர் கொண்டுவந்ததையும் எழுதிவிட்டார். வெட்டச் சொன்னேன். "நடந்தத நடந்தபடி எழுதணும் மகள்" என்கிறார். இப்போது அவர்தான் எனக்குப் படிப்பிக்கிறார்.

பறக்கிற படத்தைக் கொம்பியூட்டரில் இருந்தும் அழித்தோம்.

என் வாக்குமூலத்தை நானே எழுதிவிட்டேன். இதோடு வைத்திருக்கிறேன், கையெழுத்தைக் கரோல் பார்த்த பிறகு வைப்பேன். நிகாஹுக்கு முன் வாப்பா இரண்டு சாட்சியோடு என் அறை வாசலுக்கு வந்து சம்மதமா என்று கேட்டதை எழுதியிருக்கிறேன். அந்த நேரம் பார்த்துச் சமையல் பக்கம் பாத்திரம் விழுந்ததில் நான் சொன்னது வாப்பாவுக்குக் கேட்கவில்லை. இரண்டாம் தரம் கேட்டார். "ஓம் வாப்பா, சம்மதம்!" என்று கத்தினேன். வெளியில் இருந்த பெண்டுகள் எல்லோரும் சிரித்தார்கள். அவ்வளவு சத்தமாகச் சொன்னதை யாரும் கடதாசியில் எழுதவில்லை. இப்போது நான் எழுதியிருக்கிறேன்.

பாலத்துப் படத்தையும் கரோலிடம் கொடுங்கள். உங்களுக்குப் பொறுக்காது என்று தெரியும். ஒபிசர் பார்த்தால் பார்க்கட்டும். வாயில் வடை இருக்கிறது என்பதுதான் எனக்கு வெட்கம்.

வருவதற்கு விருப்பமா என்ற கேள்விக்குப் பதில்: விருப்பம். வீடு இங்கேயே இருக்கும், என் பெயரிலேயே இருக்கும். ஸில்மியா பார்த்துக்கொள்வாள். வேலையை விடமாட்டேன், சம்பளமில்லா லீவு கேட்கப்போகிறேன். லோயருக்குக் கொடுப்பதில் பாதி நீங்கள் தந்த என் மஹர்ப் பணத்தில் இருந்து. வேண்டாம் என்று எழுதாதீர்கள். அவர் எனக்கும் லோயர்தான். இனி என் பெயரில் போகிற ஒரு வரியும் நான் வாசிக்காமல் போகக்கூடாது. இதற்கு உங்களுக்குச் சம்மதமா என்று நான் கேட்கிறேன்.

சபீனா


லெஸ்டர்
16 நவம்பர் 2024

சபீனா புள்ள,

ஸலாம். சம்மதம். பாத்திரம் விழுந்தாலும் கேட்கட்டும் என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன்.

ஏழு கிழமையில் திரு. எம். பாஹிம் உனக்கு மச்சான் ஆகிவிட்டார்.

கரோல் உன் வாக்குமூலத்தை மொழிபெயர்ப்பித்து வாசித்தார். மாமாவின் மீன் பட்டியலை இரண்டு தரம் வாசித்தார். இளநீர் வந்த இடத்தில் என்னை நிமிர்ந்து பார்த்தார், நான் யன்னலைப் பார்த்தேன். கட்டாயம் கிடைக்கும் என்று எந்த லோயரும் சொல்லமாட்டார், அப்படிச் சொன்னால் நம்பாதீர்கள், ஆனால் இந்த முறை ஒரு பெண் இருக்கிறாள் என்று அவர்களுக்குத் தெரியும் என்றார்.

கரோலை நியமிக்கிற பத்திரம் இதோடு வருகிறது. நான் கையெழுத்து வைக்கவில்லை. அதில் எனக்கு இடமே இல்லை.

பாஹிம்


கொக்கட்டிச்சோலை
03.12.2024

மச்சான்,

ஸலாம். மழைக்குப் பாதை மூடியிருந்ததால் ஒரு கிழமை கந்தோருக்கு வர முடியவில்லை. இன்றைக்குத்தான் உங்கள் உறை கைக்கு வந்தது. வீட்டுக்குக் கொண்டுபோகப் பொறுமை இல்லை. மேசையிலேயே பிரித்து, முதல் சொல்லில் இருந்து கடைசிச் சொல் வரைக்கும் இரண்டு தரம் வாசித்தேன். விளங்காத ஐந்து சொல்லை அகராதியில் பார்த்தேன். வெளியில் வரிசையில் ஆட்கள் நின்றார்கள். நின்றால் நிற்கட்டும் என்று இருந்துவிட்டேன். இந்த வேலையில் சேர்ந்து ஆறு வருடத்தில் இன்றுதான் அப்படிச் செய்தேன்.

பேனாவை எடுத்துக்கொண்டு பார்த்தால் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. நாளைக்கு நூறு பேருக்கு இடம் காட்டுகிற ஆள் நான்! கண் கலங்கிக் கோடு தெரியவில்லை. சீதேவிப்பிள்ளை அக்கா எழும்பி வந்து, "இஞ்ச புள்ள, இஞ்ச வை கையெழுத்த" என்று விரலால் தொட்டுக் காட்டினார்.

வைத்தேன். நம்முடைய கல்யாணத்தில் என் கையெழுத்து இருக்கிற முதல் கடதாசி இதுதான். கொஞ்சம் கோணலாகப் போய்விட்டது. அப்படியே விட்டிருக்கிறேன்.

வியாழக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு கோல் எடுங்கள். ரோசாப்பூ தெரியும்.

சபீனா